வலது கன்னத்தில் அறைவது எப்படி?

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரை முன்னால் வரச் சொன்னேன். அன்றைக்குப் பாடம் மத்தேயு 5ஆம் அதிகாரம், இயேசுவின் மலைப்பிரசங்கம்: ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால் அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு. ஒருவனிடம், "ஏல, நீ அவனை வலது கன்னத்துல அறையணும். பாவனைதான், நிஜமா அடிச்சிராத" என்றேன். வலது கையை ஓங்கினான். கை போய் நின்ற இடம் எதிரே இருந்தவனின் இடது கன்னம். "வலதுலல சொன்னேன்?" யோசித்துவிட்டு இடது கையைத் தூக்கினான். "அந்தக் கை கூடாது. சோத்துக் கையாலதான் அடிக்கணும்." கொஞ்ச நேரம் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். கடைசியில் ஈ விரட்டுகிற மாதிரி புறங்கையால் ஒரு வீச்சு வீசினான். வகுப்பே சிரித்தது. "இப்படி யாரு யாரை அடிப்பாங்க?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை உடனே சொன்னது: "டீக்கடைல கிளாஸ் கழுவுற பையனை முதலாளி அடிப்பாரு சார்."

இந்த விளையாட்டு என் சொந்தச் சரக்கு இல்லை. வால்ட்டர் விங்க் என்ற அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு 1980களில் போய்வந்து எழுதியதில் இந்த விளக்கம் இருக்கிறது. புறங்கையால் அறைவது சண்டைக்காரன் சண்டைக்காரனை அடிக்கிற அடி கிடையாது. எஜமான் அடிமையையும் மேலே இருப்பவன் கீழே இருப்பவனையும் 'உன் இடம் இது' என்று நினைவூட்ட அடிக்கிற அடி. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் கன்னத்தில் அறைந்தால் 200 சூஸ் (வெள்ளிக்காசு) அபராதம், புறங்கையால் அறைந்தால் 400. வலி குறைவு, அபராதம் இரட்டிப்பு. ஏனென்றால் அது அவமானத்துக்கான விலை. அப்படி அடி வாங்கியவன் தலையைக் குனியாமல் இடது கன்னத்தைத் திருப்பினால், அடித்தவனால் மறுபடி புறங்கையைப் பயன்படுத்த முடியாது. உள்ளங்கையாலோ முஷ்டியாலோ அடிக்கலாம். அது சரிசமமானவனை அடிக்கிற அடி. இன்னொரு அடி விழலாம்தான், ஆனால் முதலில் விழுந்த அதே அடி விழாது.

அடுத்த இரண்டு உதாரணங்களும் அதே பாணியில்தான் போகின்றன. கடன்காரன் கோர்ட்டுக்கு இழுத்து உன் வஸ்திரத்தைக் கேட்டால் அங்கியையும் விட்டுவிடு என்கிறார் இயேசு. அன்றைய ஏழைக்கு இருந்ததே அந்த இரண்டு உடுப்புதான். அடகு வாங்கிய மேலாடையை இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று யாத்திராகமத்தில் சட்டமே இருக்கிறது. அதையும் கழற்றி நீதிபதி முன்னால் போட்டுவிட்டு ஒருவன் அம்மணமாக நின்றால் வெட்கம் யாருக்கு? மூன்றாவது, மைல் கணக்கு: ஒரு மைல் வரச் சொல்லி ஒருவன் பலவந்தம்பண்ணினால் அவனோடு இரண்டு மைல் போ. ரோமச் சிப்பாய் வழியில் போகிற யூதனைப் பிடித்து மூட்டையைச் சுமக்க வைக்கலாம். சிரேனே ஊர் சீமோன் சிலுவை சுமக்கப் பிடிக்கப்பட்டதும் இந்த முறையில்தான். இரண்டு இடத்திலும் கிரேக்கச் சொல் ஒன்றே. தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் 'பலவந்தம்பண்ணு' என்றே போட்டிருக்கிறது. ஒரு மைல் முடிந்ததும் மூட்டையை இறக்காமல் "வாங்க, இன்னொரு மைல் வாறேன்" என்று நடப்பவனைச் சிப்பாய் என்ன செய்வான்?

இந்தக் கட்டாயச் சுமைக்கு நம் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூரில் கூலியில்லாமல் அரசாங்கத்துக்கும் மேல்சாதிக்கும் செய்ய வேண்டிய வேலையை ஊழியம் என்றார்கள். இன்றைக்கு எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களான நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ போய் "தம்பி என்ன செய்யுதாப்ல?" என்று கேட்டால், "ஊழியத்துல இருக்கான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். வெட்டிவேலைக்குப் பெயராக இருந்த சொல் விரும்பிச் செய்யும் இறைப்பணிக்குப் பெயராக நிற்கிறது. இரண்டாவது மைலுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ் வாசகருக்குச் சிக்கல் இந்த உதாரணங்களுக்கு முந்தின வரியில் இருக்கிறது: "தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்." இதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, எதிர்க்கவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம் என்றுதான் படும். ஆனால் யாக்கோபு நிருபத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வசனம் இருக்கிறது: "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்." அங்கேயும் இங்கேயும் கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் பெரும்பாலும் போர்க்களத்தில் படைக்கு எதிர்ப்படை நிற்பதைக் குறிக்கிறது. அப்படியானால் மத்தேயுவில் தடுக்கப்படுவது, அடித்தவனை அவன் ஆயுதத்தாலேயே திருப்பி அடிப்பது. நிற்பதற்குத் தடை இல்லை.

விங்க் சொல்வதை முழுதாக விழுங்க எனக்கும் தயக்கம் உண்டு. லூக்கா இதே போதனையைச் சொல்லும்போது 'வலது' என்ற சொல்லே இல்லை. உடுப்பின் வரிசையும் தலைகீழ்: முதலில் மேலாடை போகிறது, அப்புறம் உள்ளாடை. கோர்ட் காட்சி மறைந்து வழிப்பறிக் காட்சியாகிவிடுகிறது. எனவே அந்தப் புறங்கைக் கணக்கை வேதவாக்காக வைக்க வேண்டாம். ஆனால் அவர் காட்டும் திசை நமக்குப் புதியதே இல்லை. "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்ற குறளில் எல்லோரும் நன்னயத்தையே பிடித்துக்கொள்கிறோம். எழுவாயாக நிற்பது 'ஒறுத்தல்'. தண்டிப்பது எப்படி என்று சொல்லித்தருகிற குறள் அது. சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப் 1886ல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுபோனார். 1908ல் டால்ஸ்டாய் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், பகைவனுக்குத் தீங்கு செய்யாமை பற்றிப் பேசும்போது குறளையும் எடுத்துக்காட்டினார்.

பிரசங்க மேடையில் இந்த வசனம் எப்படிப் பயன்படுகிறது என்பது வேறு கதை. நான் கேட்ட பிரசங்கங்களில் மறு கன்னம் எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும். மாமியாரிடம் ஏச்சு வாங்கும் மருமகளுக்கு, குடித்துவிட்டு அடிக்கும் புருஷனின் பெண்டாட்டிக்கு, சம்பளம் நிறுத்தப்பட்ட ஊழியருக்கு. "பொறுத்துக்கோ, கர்த்தர் பார்த்துக்கிடுவார்." அடிக்கிற கைக்கு அந்த வசனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

சபை வரலாற்றில் இந்தக் குழப்பம் பழசு. முதல் மூன்று நூற்றாண்டில் பட்டாளத்தில் சேர மறுத்துத் தலை வெட்டப்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கி.பி. 295ல் வட ஆப்பிரிக்காவில் கொல்லப்பட்ட மாக்சிமிலியன் அவர்களில் ஒருவன். பேதுருவின் கையிலிருந்து வாளை வாங்கியபோதே ஆண்டவர் எல்லாச் சிப்பாயின் இடைவாரையும் அவிழ்த்துவிட்டார் என்று ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். 313க்குப் பிறகு ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் தயவில் சபை அரண்மனைக்குள் போனது. அடுத்த நூறு ஆண்டுக்குள் அகஸ்டீன் நியாயமான யுத்தத்துக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் மென்னோ சைமன்ஸ் வழிவந்தவர்களும் குவேக்கர்களுமாகிய யுத்தம் மறுக்கும் சின்னச் சபைகள் பழைய நெருப்பை ஊதிக் காத்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு அகிம்சை என்பது உலகத்திலிருந்து ஒதுங்கித் தங்கள் கையைச் சுத்தமாக வைத்திருப்பது. அரசாங்கத்தை அசைப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை.

அதை அசைக்கப் பயன்படுத்தியவர் ஓர் இந்து. லண்டனில் படிக்கும்போது மலைப்பிரசங்கம் நேரே நெஞ்சில் இறங்கியது என்று காந்தி எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாயைப் படித்தார். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர் கூட்டம், கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற புதுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தது. தொடர்ந்து சிறைக்குப் போனவர்களில் தமிழர் நிறைய. அந்தப் போராட்டத்துக்குச் சத்தியாகிரகம் என்று பெயர் வைத்ததே, அது பலவீனனின் கையாலாகாத்தனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால்தான். இப்படி மேற்கிலிருந்து வந்தது மேற்குக்கே திரும்பிப் போனது. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்காமரியில், நிறம் பார்த்து இடம் ஒதுக்கிய பஸ்ஸைக் கறுப்பின மக்கள் புறக்கணித்தார்கள், 381 நாள். கிறிஸ்து உணர்வைக் கொடுத்தார், காந்தி முறையைக் கொடுத்தார் என்றார் மார்ட்டின் லூதர் கிங். 1959ல் இந்தியா வந்தவர் கன்னியாகுமரி வரை வந்தார். ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா எழுந்த அந்த மாலையை ஊர் திரும்பியபின் பிரசங்கத்தில் சொன்னார். நமக்கு ஒன்றரை மணி நேரப் பயணம், இன்னும் கொஞ்சம் வடக்கே வந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு முள் இருக்கிறது. ரைன்ஹோல்ட் நீபூர் என்ற அமெரிக்க இறையியலர் 1932லேயே அதைக் குத்திக் காட்டினார். இயேசு போதித்தது எதிர்க்காமை, காந்தி செய்வது எதிர்ப்பு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்றார். லங்காஷயர் துணியைப் பகிஷ்கரித்தால் அங்கே ஒரு நெசவுக் கூலியின் பிள்ளை பட்டினி கிடக்கிறது. அதுவும் கட்டாயப்படுத்துவதுதான், கத்தி இல்லாத கட்டாயம். இப்படிச் சொல்லிவிட்டு, அமெரிக்கக் கறுப்பர்களுக்குப் பொருத்தமான வழி இதுதான் என்றும் அதே மூச்சில் சொன்னார். நீபூர் சொன்னதில் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அவர் மத்தேயு 5ஐ எங்கள் ஊர்ப் பிரசங்கியார் படிக்கிற மாதிரியே படிக்கிறார். இரண்டாம் பாதி உண்மை. அகிம்சைப் போராட்டம் என்பது எதிராளியின் மனசு உருகும் என்று காத்திருப்பது மட்டும் கிடையாது. அவனுக்குத் தேவையான ஒன்றைக் கொடுக்காமல் இருப்பது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1799ல் திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கே தேரிக்காட்டு ஓரத்தில் முதலூர் பிறந்தது. புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள், பெரும்பாலும் பனையேறிகள், சொந்த ஊரில் இருக்க முடியாமல் தனியாக நிலம் வாங்கிக் குடியேறிய முதல் ஊர். பெயரே அதுதான். அப்புறம் வரிசையாக வந்தன: நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம். 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், விரட்டப்படும் குடும்பங்களுக்கு நிலமும் மனையும் வாங்கிக் கொடுக்க 1830ல் தர்ம சங்கம் என்றே ஒன்றை ஆரம்பித்தார். இந்த 'புரம்'களை நாம் மிஷன் வரலாறாகத்தான் படிக்கிறோம். அரசியலாகப் படித்துப் பாருங்கள். குடியிருக்கும் மனை நிலக்காரனுடையது. "நான் சொன்னபடி கேக்கலன்னா குடிசையைப் பிரிச்சிட்டுப் போ" என்பதுதான் அவனிடம் இருந்த பெரிய ஆயுதம். அப்படியே பிரித்துக்கொண்டு போய்விட்டால்? ஆயுதமும் போச்சு, பனையேற ஆளும் போச்சு. பார்வோனிடம் இஸ்ரவேலர் செய்தது அதைத்தான். கல் எறியவில்லை, கிளம்பிவிட்டார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. அடைக்கல ஊர்களுக்குப் பின்னால் வெள்ளைக்கார மிஷனரி இருந்தார், அவர் கடிதம் எழுதினால் படிக்கக் கலெக்டர் இருந்தார். தங்கள் காலில் நின்றார்கள் என்று முழுசாகச் சொல்ல முடியாது. இன்னொன்று, சாதியைவிட்டு ஓடிவந்த ஊரிலேயே பிறகு ஒரே சாதி நிறைந்தது. அந்த ஊரின் கோயில் கமிட்டித் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திருவிதாங்கூர்ப் பக்கம் தோள்சீலைப் போராட்டம் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு நடந்தது. கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மார்பை மறைக்கத் தடை இருந்தது. அதை மீறிச் சீலையை மேலே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களுக்கு அடி விழுந்தது, துணி கிழிந்தது, மறுநாளும் போட்டுக்கொண்டு போனார்கள். 1859ல் மார்பை மறைக்க அனுமதித்து அரசாணை வந்தது. அதே மண்ணில் ஐயா வைகுண்டர் சபைக்கு வெளியே நின்று, தலைப்பாகை கட்டி வா என்று சொன்னதும் இதன் இன்னொரு முகம். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிமையான கதை என்று யாரும் பட்டா போட முடியாது.

1908 வந்தபோது திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றார்கள். பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரி என்ற கட்டளையைப் படித்து வளர்ந்த வெள்ளை முதலாளிகளிடம், ஞாயிறு லீவை வாங்கிக் கொடுத்தவர் ஒரு சைவப் பிள்ளை. எங்கள் கன்வென்ஷன் பந்தல்களில் இதைச் சொல்லக் கேட்டதில்லை. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானார்கள். 13ஆம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் ஸ்டேஷன் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் வாங்கித் தந்ததைத் தீயும் துப்பாக்கியும் வாங்கித் தரவில்லை என்பது கண்முன்னால் இருக்கிற கணக்கு.

கிறிஸ்தவர்கள் ஏன் ஒதுங்கினார்கள்? ரோமர் 13: "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." பள்ளிக்கூடம் கொடுத்த கை, ஆஸ்பத்திரி கொடுத்த கை, உத்தியோகம் கொடுத்த கை. அதைத் தட்டிவிட மனசு வரவில்லை என்பதும் உண்மை. அப்போஸ்தலர் 5ல் பேதுரு, மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொன்னது அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. 1930ல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, சமாதானப் பிரபுவைப் பின்பற்றுகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சபைத் தலைவர்களிடம் பகிரங்கமாகக் கேட்டார். கல்கத்தாவிலிருந்த பேராயர் வெஸ்ட்காட் மறுத்து எழுதினார். குமரப்பா சிறைக்குப் போனார். இயேசுவின் போதனைகளைப் பற்றிய அவரது எழுத்து பின்னொரு சிறைவாசத்தில் பிறந்தது.

காந்திக்கும் இந்த ஊரில் ஒரு வழுக்கல் உண்டு. 1934 ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, ஒன்பது நாள் முன்னால் நடந்த பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் கொதித்துப்போனார். செத்தவர்களில் தீண்டப்படாதவர்களும்தானே இருந்தார்கள்? அகிம்சை பேசுகிற வாயும் சாமியைக் கோல் பிடித்த வாத்தியாராக்கிவிடும். நம் பிரசங்கிமார் இதில் தனியாள் இல்லை.

இனி இடிந்தகரை, கூடங்குளத்தை ஒட்டிய மீனவர் ஊர். கூடங்குளம் அணு உலைக்கு 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டார்கள். அப்போதிருந்தே எதிர்ப்பும் இருந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்து. ஆகஸ்டில் உலையில் சோதனை ஓட்டத்தின் இரைச்சல் ஊர் முழுக்கக் கேட்டது. செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். காந்தியின் எம்பயர் தியேட்டர் கூட்டமும் இதே செப்டம்பர் 11தான். பன்னிரண்டாவது நாள், மக்கள் பயம் தீரும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள் என்று தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது.

2012 தொடக்கத்தில் ஒருநாள் நானும் போயிருந்தேன். ஓலையும் தகரமும் வேய்ந்த பந்தல், கீழே மணல். போராட்டத்தை ஒருங்கிணைத்த சுப. உதயகுமாரன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். அவரைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பெண்களின் மடியிலிருந்த பீடித்தட்டுகள். இலை வெட்டுகிற கத்தரி, தூள், நூல். காது மைக்கில், கண் பாதி மேடையில், விரல் மட்டும் தன்பாட்டுக்குச் சுருட்டி மடக்கி நூல் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதம் நீளும் போராட்டத்தை ஒரு ஊர் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டு போனவனுக்கு அந்தத் தட்டில் பதில் இருந்தது. ஆயிரம் பீடிக்கு உரிய கூலியையும் விடவில்லை, பந்தலையும் விடவில்லை. "வீட்ல இருந்தாலும் இதத்தான் சுத்தப் போறோம். இங்க இருந்து சுத்துனா அவனுக்கு எரியுதுல்லா" என்றார் ஒரு அக்கா.

கோயில் இல்லையென்றால் அந்தப் பந்தல் இல்லை. மாண்ட்காமரியில் முதல் கூட்டம் கூடியது ஒரு பாப்டிஸ்ட் சபையில். 1989 அக்டோபர் 9 அன்று கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் 70,000 பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில் இறங்கியது நிக்கோலாய் கோயிலின் திங்கள் ஜெபத்திலிருந்து. மணிலாவில் 1986ல், சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிராகக் கர்தினால் சின் ரேடியோவில் கூப்பிட்டதும் ஜனம் டாங்கிகள் முன்னால் போய் நின்றது, கன்னியாஸ்திரிகள் கையில் ஜெபமாலை. மலைப்பிரசங்கத்தின் நுணுக்கமெல்லாம் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்ததெல்லாம் இதுதான்: மணி அடித்தால் கூட வேண்டும், கூடினால் வரிசையில் உட்கார வேண்டும், யாராவது ஒருவர் பாட்டு எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு இது நானூறு, ஐநூறு வருஷப் பழக்கம். ஒரு இயக்கம் இந்தப் பழக்கத்தை உண்டாக்கப் பல ஆண்டு எடுக்கும். அதோடு, கோயில் வாசல் என்பது போலீஸ் சட்டென்று நுழையத் தயங்குகிற இடம். முதலூரில் நிலம் செய்த வேலையை இங்கே கோயில் முற்றம் செய்தது.

2012 மார்ச் 19 அன்று தமிழக அரசு மனம் மாறி உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. சுற்றிலும் போலீஸ், 144 தடை. சாலை வழி அடைபட்டபோது சாமான்கள் படகில் வந்தன. செப்டம்பர் 9, மறுபடியும் ஒரு ஞாயிறு, ஆயிரக்கணக்கானோர் உலையை முற்றுகையிடக் கடலோரமாக நடந்தார்கள். தடுத்த இடத்தில் மணலில் படுத்து இரவைக் கழித்தார்கள். மறுநாள் தடியடி, கண்ணீர்ப் புகை. ஓட இடமில்லாமல் கடலுக்குள் இறங்கினார்கள். அன்றே மணப்பாட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். மூன்று நாள் கழித்து, ஓடி இறங்கிய அதே கடலில் இடுப்பளவு தண்ணீரில் தாங்களாகவே போய்க் கைகோத்து நின்றார்கள். எனக்கு இரண்டாவது மைல் என்றால் இப்போது அந்தப் படம்தான் ஞாபகம் வரும். துரத்தப்பட்ட இடத்தையே போராட்டக் களமாக்கிக்கொண்டது.

ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு விழுந்தது. வெளிநாட்டுப் பணம் என்றார்கள், பாதிரியார்களின் சதி என்றார்கள். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்றது. பாதுகாப்புக்குப் பல நிபந்தனைகள் போட்டதோடு, போராடியவர்கள் மேலுள்ள குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்றும் சொன்னது. அக்டோபர் 22 அன்று முதல் உலையின் மின்சாரம் கிரிடில் ஏறியது. இன்று இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் நான்கின் கட்டுமானம் தொடங்கிவிட்டது.

அப்படியானால் தோல்விதானே? எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை எண்ணிப் பார்த்தார்கள். வன்முறையற்றவை 53 விழுக்காடு வென்றிருந்தன, ஆயுதம் எடுத்தவை 26. மேடையில் இதை எடுத்து விடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் எண்ணியது ஆட்சியைக் கவிழ்க்கவோ அந்நியனை வெளியேற்றவோ நடந்த போராட்டங்களை. ஓர் ஊர் ஓர் உலையை நிறுத்தும் கணக்கு அதில் இல்லை. கோரல் மில்லுக்குக் கூலிக்காரரின் கை வேண்டும், மாண்ட்காமரி பஸ்ஸுக்குக் கறுப்பரின் காசு வேண்டும், தேரிக்காட்டு நிலக்காரனுக்குப் பனையேறி வேண்டும். அணு உலைக்கு இடிந்தகரைக்காரரிடமிருந்து என்ன வேண்டும்? ஒன்றுமே வேண்டாம். அவர்கள் வலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் டர்பைன் சுற்றும். அவர்கள் கையில் கொடுக்காமல் வைத்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. கரண்டு வேண்டிய மீதித் தமிழ்நாடு பக்கத்தில் வந்து நின்றிருந்தால் கதை வேறு. அந்த வருஷம் ஊரெல்லாம் மணிக்கணக்கில் கரண்ட் கட். யார் வருவார்கள்?

நிராயுதபாணியாக நின்றால் எதிரே இருப்பவன் வெட்கப்படுவான் என்பதும் எப்போதும் நடக்கிற காரியம் கிடையாது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், அதில் கைக்குழந்தை ஒன்று. 2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிரான நூறாவது நாள், துப்பாக்கிச் சூடு. பனிமய மாதா கோயில் பக்கமிருந்து கிளம்பிய ஜனமும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. இரண்டுக்குப் பிறகும், "வன்முறையைத் தவிருங்கள்" என்ற அறிக்கை போராடியவர்களைப் பார்த்துத்தான் வந்தது. 1985ல் தென்னாப்பிரிக்க இறையியலர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இதைத்தான் பிடித்துக் கேட்டது: கல் எறிகிற பையன் செய்வது மட்டும் வன்முறை, அவனைச் சுடுகிற சிப்பாய் செய்வது ஒழுங்கு என்றால், அந்தச் சமாதானப் பேச்சு யார் பக்கம்? அதைச் 'சபை இறையியல்' என்று பெயரிட்டு ஒதுக்கினார்கள் அவர்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தைக்கு எப்போதும் யாராவது மூத்த ஐயர்தான் பேசுவார்: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." மன்னிப்புக்கு முன்னால் நடந்தது குற்றம் என்று அந்த ஜெபத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்பதை இந்த வருஷமாவது யாராவது தொடுவார்களா என்று காத்திருந்தேன். மாமியார் மருமகள் வரை வந்துவிட்டு நின்றது.

அன்றைக்கு வகுப்பில் அடி வாங்குகிறவனாக நின்ற பையன் உட்காரவில்லை. "சார், மறு கன்னத்தையும் காட்டுதேன். அவன் அதுலயும் அடிச்சிட்டான்னா?" "அடிக்கலாம்ல" என்றேன். "அப்ப நான் தனியா நிக்கக் கூடாது சார்," என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் இருந்த தன் கூட்டாளிகள் நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். அடிக்க வேண்டியவன் கையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது.